‘வுட்’ எங்கே வரும்? அப்பாயி பேச்சை வைத்துப் பிடித்த கதை

வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். சென்னையில் ஒரு நிறுவனம் திங்கட்கிழமை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. ‘ஐ வுட் கம் ஆன் மண்டே’ என்று பதில் மெயில் போட்டேன். ‘வில்’ கொஞ்சம் அதட்டலாகத் தெரிந்தது. ‘வுட்’ என்றால் பணிவு என்று நினைப்பு. மறுநாள் போன்: “வர்றீங்களா, இல்லையா? முடிவா சொல்லுங்க.” அவர்களுக்கு அது “வருவேன்தான், ஆனா…” என்று கேட்டிருக்கிறது. ‘வுட்’ என்று நிறுத்தினால் படிப்பவர் அடுத்து ஒரு ‘இஃப்’ வருமே என்று பார்த்திருப்பார். நிச்சயமாகப் போகிறீர்களா? ‘ஐ வில் பி தேர்’. அவ்வளவுதான், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

‘வில்’லின் இறந்தகாலம் ‘வுட்’ என்ற பாடமெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். உச்சரிப்பில் நடுவிலுள்ள ‘எல்’ ஊமை. மரத்தைக் குறிக்கும் ‘வுட்’டும் இதுவும் காதுக்கு ஒன்றுதான். (‘கேன்’னின் இறந்தகாலமான ‘குட்’டில் உள்ள ‘எல்’ இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் அது அங்கே கிடையவே கிடையாது. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டையும் பார்த்துப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.)

படி 1: வீட்டுப் பெரியவர்களைப் பேசவிடுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு, போனில் குரல் பதிவு. இது போதும். கோடிட்ட இடம் நிரப்பச் சொல்லும் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை. பனி கொட்டுகிற ஊர் வாக்கியங்களை வைத்துக்கொண்டு திருவையாற்றில் நான் என்ன செய்வது?

எங்கள் அப்பாயி சொன்னதை அப்படியே எழுதினேன்: “மேட்டூர் தொறந்தாச்சுன்னா உங்க தாத்தா தூங்கமாட்டாரு. விடியறதுக்கு முன்னாடியே மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மடைக்குப் போயிடுவாரு.” தாத்தா இறந்து பதினைந்து வருடமாகிறது. ஆனாலும் ‘போயிடுவாரு’. வடிவம் எதிர்காலம், ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தக் காலத்தில் திரும்பத் திரும்ப நடந்ததை நாம் இப்படித்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வருவதுதான் ‘வுட்’: ‘ஹி வுட் கோ டு த ஃபீல்ட் பிஃபோர் டான்.’ தூங்கமாட்டார் என்பது ‘ஹி வுடன்ட் ஸ்லீப்’. இதை ‘வில்’ என்று எழுதினால் தாத்தா இன்றைக்கும் மம்பட்டியோடு கிளம்புகிறார் என்றாகிவிடும்.

படி 2: நான் வழுக்கி விழுந்த இடம்

அந்தச் சூட்டிலேயே அடுத்த வரியையும் மாற்றினேன். “நம்ம வீட்ல பெரிய பத்தாயம் ஒண்ணு இருக்கும்.” (நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி.) இதுவும் எதிர்கால வடிவம்தானே? ‘தேர் வுட் பி எ பத்தாயம் இன் அவர் ஹவுஸ்’ என்று எழுதினேன். தப்பு.

காரணம் பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது. மடைக்குப் போவது ஒரு செயல். அது நூறு தடவை நடக்கும். பத்தாயம் இருப்பது செயல் இல்லை, நிலை. அது ஒரே தடவையாக வருடக்கணக்கில் அங்கேயே நின்றது. தமிழில் இரண்டுக்கும் அதே எதிர்கால வடிவம் போதும், ஆங்கிலத்தில் ஒரே ‘வுட்’ போதாது. நின்றதற்கு ‘யூஸ்ட் டு’: ‘தேர் யூஸ்ட் டு பி…’. மர வுட்டால் செய்த பத்தாயத்துக்கு இந்த வுட் ஒட்டாது.

அப்படியானால் ‘இருக்கும்’ வந்தாலே ‘வுட்’ கூடாதா? அதுவும் இல்லை. “ஆடிப்பெருக்குன்னா படித்துறையில கூட்டம் இருக்கும்.” இங்கே கூட்டம் வருடா வருடம் கூடிக் கலைகிறது. ஆகவே ‘தேர் வுட் பி எ க்ரவுட்’ சரி. “எத்தனை தடவை?” என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி பொருந்தினால் ‘வுட்’ போடலாம். சந்தேகமாக இருந்தால் ‘யூஸ்ட் டு’ போட்டுவிடுங்கள், இரண்டு இடத்திலும் அது செல்லும்.

படி 3: ‘-ன்னு சொன்னான்’

“அண்ணன் வருவேன்னு சொன்னான்.” நாம் அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து ‘என்று’ போட்டு ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘செட்’ என்றதும் உள்ளே இருப்பதும் ஒரு படி பின்னால் போகும்: ‘ஹி செட் ஹி வுட் கம்.’ ‘ஐ’ என்பதும் ‘ஹி’ ஆகிறது, கவனியுங்கள்.

படி 4: நடக்காமல் போனது

மேட்டூரை வழக்கமாகக் குறுவைக்கு ஜூன் 12-இல் திறப்பார்கள். 2024-இல் அணையில் தண்ணீர் போதவில்லை, ஜூலை 28 ஆகிவிட்டது. போர்செட் உள்ளவர்கள் நட்டார்கள், ஆற்றுத் தண்ணீரை நம்பிய எங்களால் முடியவில்லை. “ஜூன்லயே தொறந்திருந்தா குறுவை போட்டிருப்போம்.”

‘இஃப் தே ஹேட் ஓப்பன்ட் த டேம் இன் ஜூன், வீ வுட் ஹேவ் பிளான்டட் குறுவை.’

தமிழில் இரண்டு பக்கமும் ‘இரு’ வருவதால், இரண்டு பக்கமும் ‘வுட் ஹேவ்’ போடக் கை போகும். போடாதீர்கள். ‘-ஆல்’ இருக்கிற பக்கம் ‘வுட்’ கிடையாது. நோட்டில் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது இந்த ஒன்றுதான்.

படி 5: மரியாதை

‘வுட் யூ லைக் சம் காஃபி?’ இதில் சிக்கல் இல்லை. ‘வுட் யூ மைண்ட்’டில்தான் மாட்டுவோம். உழவன் எக்ஸ்பிரஸில் ஒரு அம்மா ‘வுட் யூ மைண்ட் மூவிங் எ லிட்டில்?’ என்று கேட்டார். நான் பெரிய மனதோடு “யெஸ், யெஸ்” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நகர்ந்து இடம் விட்ட பிறகுதான் சிரித்தார். அவர் கேட்டது “உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?” என்று. நான் சொன்னது “உண்டு, உண்டு.” ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ‘ஐட்’ என்று சுருக்கி எழுதினால் அது ‘வுட்’டா ‘ஹேட்’டா என்று நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் விட்டுவிட்ட விஷயம். அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘ஐட் கோ’ என்றால் ‘வுட்’, ‘ஐட் கான்’ என்றால் ‘ஹேட்’. ‘ஐட் ராதர்’ வுட், ‘ஐட் பெட்டர்’ ஹேட்.

இன்னொரு பின்சேர்க்கை: அவரே மறுபடி எழுதினார், “அப்ப ‘ஐட் கம்’?” நல்லாப் பிடித்தார். ‘கம்’, ‘ரன்’, ‘கட்’ போன்றவற்றுக்கு இரண்டு இடத்திலும் ஒரே வடிவம்தான். முன்னால் உள்ள வரியைப் படித்துத்தான் முடிவுகட்ட வேண்டும். மெயிலில் எழுதுவதாக இருந்தால் நான் சுருக்காமல் முழுதாக எழுதிவிடுகிறேன்.