குளிர்காலத்தில் முரண்டு பிடிக்கும் கியர்: பழைய மெர்சிடிஸ் 300டி காரில் கோளாறைக் கண்டறிதல்

1976 முதல் 1985 வரை விற்பனையான மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசையின் 300டி டீசல் கார்கள் ஜெர்மனியிலும் வட அமெரிக்காவிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடுங்குளிர் நாள்களில் இவற்றின் ஆட்டோமேட்டிக் கியர் தாமதமாக மாறுவதையும், மாறும்போது வண்டியையே உலுக்குவதையும் வைத்து, கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் கோளாறு அதற்கு வெளியேதான் இருக்கும்.

சோதனையை, வண்டி இரவு முழுவதும் வெளியே நின்ற பின் காலையில் தொடங்க வேண்டும். இயந்திரம் சூடேறிவிட்டால் அறிகுறி மறைந்துவிடும். கியர் முரட்டுத்தனமாக விழுகிறதா, அல்லது டி-யிலோ (முன்னே செல்ல) ஆர்-இலோ (பின்னே செல்ல) போட்ட பிறகும் சில நொடிகள் விழாமலே இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். முன்னது வேக்குவத்தையும் (வெற்றிட அமைப்பையும்), பின்னது கியர்பாக்ஸ் ஆயிலையும், ஆயில் கசியாமல் அடைக்கும் வளையங்களான சீல்களையும் சுட்டும்.

ஆயில் அளவைக் குளிர்ந்த நிலையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குளிரில் ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் ஆயில்) சுருங்குவதால் டிப்ஸ்டிக்கில் (அளவு பார்க்கும் குச்சியில்) மட்டம் குறைந்தே காட்டும். அதை நம்பி ஊற்றினால், சூடேறியதும் அளவு மிஞ்சி நுரை கட்டும். வண்டியை நன்றாக ஓட்டி ஆயில் சுமார் 80 டிகிரிக்கு வந்த பின், சமதளத்தில் நிறுத்தி, பி-யில் (பார்க்கிங் நிலையில்) இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.3 லிட்டர்தான். டிப்ஸ்டிக்கைத் துடைக்கும் துணியில் நூல் பிசிறு இருக்கக் கூடாது. பிசிறு உள்ளே போனால் நுண்ணிய வால்வுகளில் சிக்கும். ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் ஃபில்டரோடு சேர்த்து மாற்றுவது நல்லது.

முரட்டுக் கியருக்கு வேக்குவம்தான் முதல் சந்தேகம். இந்த டீசல் இயந்திரத்தின் காற்றுக்குழாயில் பெட்ரோல் இயந்திரத்தில் உள்ளதுபோல் வெற்றிடம் உருவாவதில்லை. ஆகவே தனியாக ஒரு வேக்குவம் பம்ப் உண்டு. பிரேக் பூஸ்டர், கதவுப் பூட்டுகள், இயந்திரத்தை அணைக்கும் அமைப்பு, வெற்றிடத்தைக் கொண்டு கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டர் ஆகிய அனைத்தும் அதையே நம்பியிருக்கின்றன. சாவியைத் திருப்பிய பிறகும் இயந்திரம் சற்று ஓடி நின்றால், எங்கோ காற்று கசிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. நாற்பது ஆண்டு கண்ட ரப்பர் இணைப்புகள் குளிரில் விறைத்துக் கசியும். சூடேறியதும் இளகி மீண்டும் இறுகப் பற்றிக்கொள்ளும். காலையில் மட்டும் கோளாறு தென்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாடுலேட்டரின் ஹோஸைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். சிவந்த ஆயில் ஈரம் இருந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது. மாடுலேட்டரை மாற்றியாக வேண்டும். உலர்ந்திருந்தால் கை வேக்குவம் பம்பை மாடுலேட்டரில் பொருத்தி, வெற்றிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால், அதே பம்ப் இணைந்திருக்கும்போது காலியான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கியர் மென்மையாக மாறினால், பிழை குழாய்களிலோ, எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பம்பின் மேலுள்ள வேக்குவம் கட்டுப்பாட்டு வால்விலோ இருக்கிறது. கசிவை விட்டுவிட்டு மாடுலேட்டர் திருகைத் திருப்பி உலுக்கலை மறைப்பது தவறு. அதனால் ஆயில் அழுத்தம் அளவுக்கு மேல் குறைந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தீய்ந்துவிடும்.

கியர் உரிய வேகத்துக்கு வெகுநேரம் கழித்து மாறினால், ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குச் செல்லும் கேபிளையும் கவனிக்க வேண்டும். அதன் உறைக்குள் ஈரம் உறைந்தாலோ கிரீஸ் கெட்டியானாலோ, காலை எடுத்த பின்னும் அது முழுதாகத் திரும்பாது.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் டி-யில் போட்டதும் கியர் விழத் தாமதமானால், உள்ளே பிஸ்டன் சீல்கள் விறைத்திருக்கலாம். அவற்றை மாற்றக் கியர்பாக்ஸைப் பிரித்தாக வேண்டும். அதுவரை, பிரேக்கை மிதித்தபடி கியர் விழும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் காத்திருப்பதும், முதல் சில கிலோமீட்டரை மெதுவாகக் கடப்பதும் கிளட்ச் தட்டுகளின் தேய்மானத்தைக் குறைக்கும்.