குதிக்கிறதே சரியில்லை, இதில் 300 அறை எதற்கு?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் யார் வீடியோ கேம் செய்யப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள், செய்கிறார்கள். கேம் செய்ய உதவும் கோடோட் என்கிற மென்பொருள் இலவசம், சுமாரான மடிக்கணினியிலும் ஓடும், ஆர்வமுள்ள பசங்களுக்கு அது போதும். "அண்ணே, விளாண்டு பாத்துச் சொல்லுங்க" என்று எனக்கு வருவதில் பெரும்பாலும் ஒரே ரகம்தான்: பக்கவாட்டில் பார்க்கிற 2டி உலகம், சுற்றித் திரிந்து, குதித்து, புதுத் திறமை ஒன்றைக் கண்டெடுத்து, முன்பு போக முடியாத இடத்துக்குள் நுழைவது. மெட்ராய்ட்வேனியா என்கிறார்களே, அதுதான். தவறுகளும் அநேகமாக ஒன்றே.

முதல் தவறு, குதிப்பதைச் சரிசெய்யும் முன்பே மேப்பை வரைய உட்காருவது. எதிரி வேண்டாம், பரிசு வேண்டாம், ஒரே ஒரு காலி அறையில் கொஞ்ச நேரம் சும்மா குதித்து ஓடிப் பாருங்கள். அதுவே அலுத்துவிட்டால் 300 அறை வைத்தாலும் அலுப்பு 300 மடங்குதான். ஒரு தம்பியின் கேமில் பலகை விளிம்பு வரை ஓடிப் பட்டனை அழுத்துகிறேன், ஆள் குதிக்காமல் நேராக நெருப்புக்குள் விழுகிறான். "நீங்க லேட்டா அழுத்துறீங்க லா" என்கிறான் தம்பி. கணக்குப்படி அவன் சொல்வது சரிதான், பலகையை விட்டு ஒரு பிரேம், அதாவது திரையில் ஒரு படம் மாறுகிற நேரம், தாண்டித்தான் அழுத்தியிருப்பேன். ஆனால் விளையாடுகிறவனுக்கு அந்தக் கணக்கு தெரியாது, கேம் ஏமாற்றிவிட்டது என்றுதான் திட்டுவான்.

2018இல் வந்த செலஸ்ட் ரொம்பக் கடினமான கேம் என்று பேர் வாங்கியது, உள்ளே பார்த்தால் அவ்வளவு இரக்கம். விளிம்பை விட்டு இறங்கிய பிறகும் 0.1 விநாடி வரை குதிக்க விடுகிறது, அதாவது நொடிக்கு 60 பிரேம் என்றால் 6 பிரேம். தரையைத் தொடுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் பட்டனை அழுத்தினாலும் அதை ஞாபகம் வைத்திருந்து, கால் பட்டதும் குதிக்க வைக்கிறது. தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் சில பிக்சல் தள்ளிவிட்டு மேலே போக விடுகிறது. விளையாடுகிறவன் இதையெல்லாம் கவனிப்பதே இல்லை, தன் கைத்திறமை என்று நினைத்துக்கொள்கிறான். நினைக்கட்டுமே!

அடுத்தது, புதுத் திறமையை வெறும் சாவியாக வைப்பது. சிவப்புக் கல் கிடைத்தது, சிவப்புக் கதவு திறந்தது, அப்புறம் அந்தக் கல்லுக்கு வேலையே இல்லை. இதில் என்ன சுகம்? 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வலது பக்கம்தான் போக முடியும், திரை திரும்பி வராது. அடுத்த வருடமே வந்த மெட்ராய்டில் முதல் திறமை இருந்தது தொடங்கும் இடத்துக்கு இடது பக்கத்தில். பழக்கதோஷத்தில் வலப்பக்கம் ஓடுகிறவன் தாழ்வான ஒரு சந்தில் மாட்டித் திரும்பி வந்தாக வேண்டும். உடம்பைப் பந்தாகச் சுருட்டும் அந்தத் திறமை அதன் பிறகு கேம் முழுக்க உதவுகிறது, ஒரு சந்தோடு முடிந்துவிடுவதில்லை. 1994இன் சூப்பர் மெட்ராய்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது: சுவரில் மாறி மாறி உதைத்து ஏறும் வித்தை ஆரம்பத்திலிருந்தே நம் கையில் இருக்கிறது, ஒரு பள்ளத்துக்குள் சின்னப் பிராணிகள் அதைச் செய்து காட்டும்வரை நமக்கே தெரியாது. ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. நம் பசங்கள் இதே இடத்தில் மூன்று பக்க வசனம் எழுதுவார்கள்.

மேப் விஷயத்தில் இரண்டு பக்கமும் வழுக்குகிறார்கள். எல்லா அறையும் ஒரே பாறை, ஒரே நீல வெளிச்சம். செம்பனைத் தோட்டத்தில் எந்த வரிசையைப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனாலும் ஊர்க்காரர் முனீஸ்வரர் கோயிலையும் உடைந்த பாலத்தையும் வைத்து வழி சொல்லிவிடுவார். உங்கள் கேமில் அந்தக் கோயில் எங்கே? ஆட்கள் வழி தெரியாமல் தவித்ததும் பயந்துபோய் பெரிய அம்புக்குறி ஒன்றை வைத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் யாரும் அறையைப் பார்ப்பதில்லை, அம்பைத்தான் பார்க்கிறார்கள். ஹாலோ நைட்டில் (2017) மேப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், விற்கிறவனைத் தேடிப் போகத் தரையில் சிதறிய காகிதங்களும் அவன் முனகும் பாட்டும்தான் துப்பு. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது, எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பழைய இடத்துக்குத் திரும்பி வரவைப்பது தப்பில்லை, அதே எதிரியை அதே வேகத்தில் மறுபடி அடிக்க வைப்பதுதான் தப்பு. முதல்முறை தட்டுத்தடுமாறி ஏறிய சுவரை இரண்டாம் முறை ஒரே பாய்ச்சலில் தாண்ட விடுங்கள், உள்பக்கமிருந்து திறக்கிற குறுக்குவழி ஒன்றும் வையுங்கள். பெரிய வில்லனிடம் செத்தவனை ஐந்து நிமிடம் நடக்க வைப்பதும் இதே ரகம்தான். கடினம் வேறு, கடுப்பு வேறு.

கடைசியாக, நண்பனிடம் கேமைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து "இல்லடா, மேல குதி" என்று சொல்லாதீர்கள். கேம் இணையத்துக்குப் போன பிறகு நீங்கள் யார் பக்கத்திலும் உட்காரப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு, அவன் எங்கே நிற்கிறான், எந்தச் சந்தைப் பார்க்காமலே தாண்டிப் போகிறான் என்று ஒரு காகிதத்தில் குறியுங்கள். வெவ்வேறு ஆட்கள் ஒரே அறையில் நின்றுவிட்டால் அன்றைக்குத் திருத்த வேண்டியது அந்த அறையை.