பழைய காசைக் கழுவுமுன் புளியைத் தூர வையுங்கள்

அம்மம்மாவின் தகரப்பேணிக்குள் கிடந்த 1943ஆம் ஆண்டு ஒரு சதத்தை, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரித்தான் நான் துலக்கினேன். முதலில் புளி, அப்புறம் திருநீறு. ஐந்து நிமிடத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் பளபளவென்று மின்னினார். காசு சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். "தோலை உரிச்சுப் போட்டீரே தம்பி" என்றார்.

அவர் சொன்னது சரி. செப்புக்காசின் பழுப்பு நிறம் ஊத்தை அல்ல. பல வருடமாகக் காற்றோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம் அது. உள்ளே இருக்கும் உலோகத்தை அதுதான் காக்கிறது. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும், திருநீறு கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். தேசிக்காய், வினிகர், பற்பசை, அப்பச்சோடா எல்லாம் இதே கதைதான். போன படலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. காசின் மேல் ஒட்டியிருக்கும் மண், எண்ணெய், பசை இவற்றை மட்டும் எடுப்பதுதான் நம் வேலை. வெள்ளி ஐம்பது சதம் கறுத்திருந்தால் அப்படியே விடுங்கள்.

இன்னொன்று. கோட்டைப் பக்கமோ கடற்கரையிலோ மண்ணுக்குள்ளிருந்து ஒல்லாந்தர் காலத்துக் காசு ஏதும் கிடைத்தால், கழுவுவதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இலங்கைச் சட்டம் அப்படி.

சரி, தொடங்கலாம். முதலில் பெறுமதியில்லாத ஒரு தேய்ந்த காசில் பழகுங்கள் (என் 1943 சதம் இப்போது அந்த வேலையைத்தான் பார்க்கிறது). மேசையில் ஒரு துவாயை விரியுங்கள். கைகழுவும் தொட்டியில் வேண்டாம், வழுக்கினால் குழாய்க்குள் போய்விடும். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள்.

1. தண்ணீர். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். உப்பிலுள்ள குளோரைட்டு செம்புக்கு எமன். திருகோணமலைப் பக்கம், ஊரின் பெயரே உப்புவெளி என்றிருக்கிற இடத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பலாமா? வாகன பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் மலிவாகக் கிடைக்கும். லேபிளை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில்தான் இருக்கும்.

2. ஊறவைத்தல். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு காசு. இரவு முழுக்க விடுங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றி மறுபடி ஊறவையுங்கள். மண் இறுகியிருந்தால் நாட்கணக்கில் ஆகும். காந்தத்தில் ஒட்டுகிற புதுக் குற்றிக்காசுகளை இப்படி நீண்ட நேரம் போடாதீர்கள். பூச்சு கீறியிருந்தால் உள்ளே இருக்கும் உருக்கு துருப்பிடிக்கும்.

3. பிசுக்கு. மலிவான பிளாஸ்டிக் அல்பத்தில் கிடந்த காசில் பச்சையாக ஒரு பிசின் படியும். அது தண்ணீருக்கு அசையாது, சுத்தமான அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு அகற்றும் திரவம் சரிவராது. அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். யன்னலைத் திறந்து, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் பத்து நிமிடம் வையுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பிறகு புது அசிட்டோனில் இன்னொரு முக்கு. இல்லாவிட்டால் கரைந்த பிசின் காசிலேயே காய்ந்து படியும்.

4. விடாப்பிடி மண். காசு ஈரமாக இருக்கும்போதே, பூதக்கண்ணாடியில் பார்த்தபடி, மரப் பற்குச்சியின் நுனியால் மெதுவாகத் தள்ளுங்கள். ஊசி, பிரஷ் வேண்டாம். வராத மண்ணை விட்டுவிடுங்கள்.

5. உலர்த்தல். துடைக்காதீர்கள். பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு நாள் காற்றோட்டமாக வையுங்கள்.

பச்சை நிறம் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். வழுவழுப்பாக, கெட்டியாக இருக்கும் பச்சை நல்ல படலம். பற்குச்சி பட்டதும் மாவாக உதிர்ந்து, சில நாளில் திரும்பவும் பூக்கிற இளம்பச்சை ஒரு நோய். குளோரைட்டும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன. கடற்காற்று வீசும் நம் ஊரில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, தினமும் வடித்த நீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து, நன்றாக உலர்த்துங்கள். விலைமதிப்புள்ள காசென்றால் நீங்களாக முயலாமல் இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கழுவிய காசைப் பழைய அல்பத்திலேயே திரும்பச் செருகாமல், பிவிசி (அந்தப் பச்சைப் பிசினை உண்டாக்கும் பிளாஸ்டிக்) இல்லாத உறையில் போட்டு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கூடவே ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பை. வாடைக்காற்றோடு மாரிமழை தொடங்கினால், தை வரைக்கும் மாதம் ஒரு தடவை அந்தப் பையை மாற்றுங்கள்.