படத்தை எந்த இடத்தில் நிறுத்துவது?

இலக்கியப் படைப்பு ஒன்றை அனிமேஷன் படமாகக் காட்டிவிட்டால், பிள்ளைகள் பிறகு புத்தகத்தைத் தாமாகவே எடுத்துப் படிப்பார்கள் என்று பெற்றோர் பலர் நம்புகின்றனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் சிறுவர்க்கான வாசிப்பு வட்டம் நடத்தும் எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. "கதைதான் தெரியுமே, டீச்சர்" என்ற ஒரே பதிலில் அது போய்விட்டது. ஆகவே, வாசிப்பை முன்னால் வையுங்கள்.

முழுப் புத்தகமும் வேண்டாம், ஒரு கதை போதும். ருட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட 'தி ஜங்கிள் புக்' தொகுப்பில், ஓநாய்கள் வளர்த்த சிறுவன் மௌக்லியைக் குரங்குகள் தூக்கிச் செல்லும் கதையை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அக்கூட்டத்தின் பெயர் 'பந்தர் லோக்'. மலாய்மொழியில் 'பண்டார்' என்றால் நகரம் என்பதால், நம் பிள்ளைகள் அவற்றை நகரவாசிகள் என்று எண்ணிவிடக்கூடும். இந்தியில் 'பந்தர்' என்பது குரங்கைக் குறிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, 1967இல் வந்த டிஸ்னி படத்தைப் போட்டு, குரங்கரசன் தோன்றும் காட்சியில் நிறுத்துங்கள். கிப்ளிங்கின் குரங்குகளுக்குத் தலைவனும் இல்லை, சட்டமும் இல்லை. காட்டில் எவரும் அவற்றை மதிக்காததற்குக் காரணமே அதுதான். படத்திலோ ஓராங் ஊத்தான் ஒன்று அரசனாக வீற்றிருக்கிறது. "இது சபா, சரவாக் காட்டில் இருப்பதாயிற்றே, இந்தியாவுக்கு எப்படிப் போனது?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். நான் எழுதி வைத்திருந்த கேள்விகளைவிட அது நல்ல கேள்வி. அரசனே இல்லாத கூட்டத்துக்குப் படம் ஏன் ஓர் அரசனைத் தேடியது என்று பேசத் தொடங்கினோம். ஆடிப் பாட ஒருவர் வேண்டாமா என்று ஒரு சிறுமி சொன்னபோது, பாதி விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவதாக, கா என்னும் மலைப்பாம்பு வரும் காட்சியைப் பாருங்கள். படித்த கதையில் மௌக்லியை மீட்க வந்த அதே பாம்பு, படத்தில் அவனை விழுங்கப் பார்க்கிறது. மூன்றாவது இடம் புலியின் முடிவு: நூலில் மௌக்லி எருமைகளை விரட்டிவிட, ஷேர்கான் அவற்றின் காலடியில் மிதிபட்டுச் சாகிறது, படத்தில் வாலில் கட்டிய நெருப்புக்கு அஞ்சி ஓடிவிடுகிறது. இம்மூன்றையும் பயிற்சிப் புத்தகத்தில் 'நூல்', 'படம்' என இரு பத்திகளாக எழுதச் சொல்லுங்கள்.

இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' பொருந்தும். 1945இல் வந்த நாவலில் விலங்குகள் மனிதனை விரட்டிய பின் பன்றிகள் ஆளத் தொடங்குகின்றன; இறுதியில் பன்றிக்கும் மனிதனுக்கும் வேறுபாடே தெரிவதில்லை. 1954ஆம் ஆண்டுப் படத்திலோ விலங்குகள் பன்றிகளுக்கு எதிராக மீண்டும் கிளர்ந்தெழுகின்றன. அப்படத்துக்கு அமெரிக்காவின் உளவு நிறுவனமான சிஐஏ மறைமுகமாகப் பணம் கொடுத்தது என்பதை விவாதம் சூடுபிடித்த பிறகு சொல்லுங்கள், முன்னதாகச் சொல்லிவிட்டால் மாணவர்கள் தாமாக யோசிக்க மாட்டார்கள்.

மூன்று முறைக்கு மேல் படத்தை நிறுத்தாதீர்கள். நான்காம் முறை நிறுத்தியபோது பாதிப் பேர் கழிவறைக்குக் கிளம்பிவிட்டார்கள்.