அம்புலன்ஸ் தாமதப் புகாரை விசாரிப்பது எப்படி: எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருதல்

அவசர மருத்துவ சேவை விசாரணைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. இங்கே அம்புலன்ஸை நடத்துவது பெரும்பாலும் நகராட்சி. அழைப்பை எடுத்து வாகனத்தை அனுப்புவது தொடர்பாடல் மையம். பராமெடிக்குகளின் (அம்புலன்ஸில் வந்து சிகிச்சை தருவோரின்) மருத்துவச் செயல்களுக்கு அதிகாரம் கொடுப்பது ஆதார வைத்தியசாலை. பராமெடிக்குகளுக்கென்று தாதியருக்கு இருப்பதுபோல ஒரு தொழில்முறைக் கல்லூரி, அதாவது தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, இல்லை. அதனால் ஒரே சம்பவத்தின் ஆவணங்கள் மூன்று இடங்களில், மூன்று விதமான கடிகாரங்களில் கிடக்கும். தாமதப் புகாரில் யார் மீதும் முடிவு எடுப்பதற்கு முன்னர் இந்தக் கடிகாரங்களை ஒன்றாக்க வேண்டும். அதைச் செய்யாமல் நேர்காணலுக்குப் போனால், அப்பாவி ஒருவரிடம் தவறான கேள்வியைக் கேட்பீர்கள்.

படி 1: பதிவுகளைக் காப்பாற்றுங்கள்

புகார் கையில் கிடைத்த அன்றே, எதையும் வாசித்து முடிப்பதற்கு முன்னரே, பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி கடிதம் அனுப்புங்கள். ஒலிப்பதிவுகள் குறித்த காலத்துக்குப் பிறகு தானாக அழியும். மொனிற்றரின் (நோயாளரின் இதயத் துடிப்பைக் காட்டி, அதிர்வும் கொடுக்கும் கருவியின்) உள்நினைவகமும் நிரம்ப நிரம்ப பழையதை அழிக்கும். கடிதத்தில் "தொடர்புடைய எல்லாப் பதிவுகளும்" என்று பொதுவாக எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கேளுங்கள்: 911 என்ற அவசர எண்ணின் மேசை ஒலிப்பதிவு, தொடர்பாடல் மையத்தின் தொலைபேசி ஒலிப்பதிவு, குழுவுடன் பேசும் வானொலியின் ஒலிப்பதிவு, அனுப்புதல் கணினியின் முழு நிகழ்வுப் பதிவு, வாகனத்தின் ஜிபிஎஸ் தடம், மொனிற்றரின் மூலக் கோப்பு, நோயாளர் அறிக்கையும் அதன் திருத்த வரலாறும்.

திருத்த வரலாற்றைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். இரத்த அழுத்தம் 02:35க்கு எடுக்கப்பட்டது என்று அறிக்கை சொல்லும். அந்த எண் மொனிற்றரிலிருந்து தானாக வந்ததா, ஐந்து மணிக்கு யாராவது கையால் தட்டியதா என்பதைத் திருத்த வரலாறுதான் சொல்லும். பின்னர் தட்டுவது குற்றமல்ல. உயிர் காக்கும் நேரத்தில் யாரும் தட்டச்சு செய்வதில்லை. ஆனால் எது எப்போது தட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: "தாமதம்" என்றால் எந்த இடைவெளி?

நேரப் புள்ளிகளை இங்கே ரி (T) எண்களால் குறிப்பார்கள். தொடர்பாடல் மையத்துக்கு அழைப்பு வருவது ரி0, குழுவுக்கு அறிவிப்பது ரி2, வாகனம் புறப்படுவது ரி3, இடத்தை அடைவது ரி4, அங்கிருந்து கிளம்புவது ரி5, வைத்தியசாலையை அடைவது ரி6.

மாகாணத்தின் பதில்நேர இலக்கு ரி2இல் தொடங்கி ரி4இல் முடிகிறது. அவசரத் தரவரிசையில் முதலாம் நிலை நோயாளருக்கு 8 நிமிடம். திடீர் இதயநிறுத்தத்துக்கு 6 நிமிடத்துக்குள் இதய அதிர்வுக் கருவியுடன் யாராவது ஒருவர் போய்ச் சேர வேண்டும். அது பராமெடிக்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இவற்றை எத்தனை வீதம் எட்டுவது என்பதை ஒவ்வொரு நகராட்சியும் தானே அறிவிக்கிறது.

குடும்பத்தின் கடிகாரமோ 911ஐ அழுத்திய கணத்தில் தொடங்குகிறது. ரொறன்ரோவில் அந்த அழைப்பை முதலில் எடுப்பது பொலிஸ். பிறகுதான் அம்புலன்ஸ் பக்கம் மாற்றுவார்கள். இடைவெளியின் மறுமுனையிலும் இதே சிக்கல்தான்: ரி4 என்பது வாகனம் நின்ற நேரம், நோயாளரைத் தொட்ட நேரம் அல்ல. எனவே குடும்பம் 17 நிமிடம் என்றும், சேவை எட்டரை நிமிடம் என்றும் சொல்லும்போது இரண்டும் உண்மையாக இருக்கலாம். எந்த இடைவெளியை விசாரிக்கிறீர்கள் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு வரியில் எழுதுங்கள்.

படி 3: கடிகாரங்களை ஒன்றாக்குதல்

இந்த வேலைக்கு எக்செல் போதும். காலவரிசை வரைவதற்கென்று விற்கும் மென்பொருள்கள் அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் கழித்த வினாடிகளை உள்ளே மறைத்துவிடும். ஆறு நிரல்கள் போடுங்கள்: மூலம், மூலத்தில் உள்ள நேரம், திருத்த வேண்டிய அளவு, திருத்திய நேரம், நிகழ்வு, பிழை எல்லை. மூலநேர நிரலில் கை வைக்கவே கூடாது. திகதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவைத் தாண்டும் சம்பவத்தில் கழித்தல் எதிர்மறையாகி, கட்டம் முழுக்க # அடையாளங்களாக நிற்கும்.

அடுத்து ஒரு கடிகாரத்தை அடிப்படையாகத் தேர்ந்தெடுங்கள். நான் பரிந்துரைப்பது தொடர்பாடல் மையத்தின் ஒலிப்பதிவுக் கருவி. அது மனிதர் பொத்தானை அழுத்துவதை நம்பியிருப்பதில்லை, இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்றக் கடிகாரங்களை அதனுடன் இணைக்க, இரண்டு பதிவுகளிலும் தெரியும் ஒரே நிகழ்வைத் தேட வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு:

911 மேசை அழைப்பை எடுத்தது 02:14:06. அம்புலன்ஸ் பக்கம் எடுத்தது 02:14:51. ரி2 02:16:40. ரி4 02:25:12. ரி2இலிருந்து ரி4 வரை 8 நிமிடம் 32 வினாடி. மொனிற்றர் இயக்கப்பட்டது, அதன் சொந்தக் கடிகாரப்படி, 02:33:58. அப்படியே எடுத்தால் வாகனம் நின்ற பிறகு 8 நிமிடம் 46 வினாடி குழு என்ன செய்தது என்ற கேள்வி எழும்.

இப்போது வானொலிப் பதிவைக் கேளுங்கள். "முதல் அதிர்வு கொடுத்தாயிற்று" என்று பராமெடிக் சொல்வது 02:33:09. மொனிற்றரின் பதிவில் அதே அதிர்வு 02:36:20. ஆகவே மொனிற்றர் 3 நிமிடம் 11 வினாடி முந்தி ஓடுகிறது. திருத்தினால் அது இயக்கப்பட்டது 02:30:47. வாகனம் நின்றதற்குப் பின் போனது 5 நிமிடம் 35 வினாடி. மாடிக் கட்டடம் ஒன்றில் பூட்டிய வாசல், மின்தூக்கி, நீண்ட நடைபாதை எல்லாம் சேர்ந்தால் இது விளங்கக்கூடிய நேரம். முதல் அழைப்பிலிருந்து கணக்கிட்டால் 16 நிமிடம் 41 வினாடி. குடும்பம் சொன்ன 17 நிமிடமும் சரியாகிறது.

ஒரே ஒரு பொதுநிகழ்வை நம்பி நிற்காதீர்கள். அதிர்வு கொடுத்ததற்கும் அதை வாயால் சொன்னதற்கும் இடையே சில வினாடிகள் இருக்கும்; பிழை எல்லை நிரலில் 10 வினாடி என்று எழுதுங்கள். இரண்டாவது நிகழ்வாக, வைத்தியசாலைக்கு அனுப்பிய ஈசிஜியைப் பார்க்கலாம். அனுப்பிய நேரம் மொனிற்றரில் இருக்கும், பெற்ற நேரம் வைத்தியசாலைக் கணினியில் இருக்கும். கைத்தொலைபேசி வலையமைப்பு மெதுவாக இருந்தால் அது தாமதமாகப் போய்ச் சேரும் என்பதால், பெற்ற நேரம் உண்மையில் அனுப்பிய நேரத்தின் உச்ச எல்லையை மட்டுமே காட்டும். இரண்டு நிகழ்வுகளும் தரும் வித்தியாசம் ஒரு நிமிடத்துக்கு மேல் முரண்பட்டால், ஒன்றைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள். திரும்பப் போங்கள்.

பொதுநிகழ்வே கிடைக்காவிட்டால், மொனிற்றரைச் சரியான நேரம் காட்டும் கைத்தொலைபேசியின் பக்கத்தில் வைத்து ஒரே படத்தில் எடுங்கள். அதற்கு முன், சம்பவத்துக்குப் பிறகு கடிகாரம் திருத்தப்பட்டதா என்று பராமரிப்புப் பதிவைப் பார்த்தே ஆக வேண்டும். திருத்தப்பட்டிருந்தால் அந்தப் படத்துக்குப் பெறுமதி இல்லை.

ரி3, ரி4 இரண்டும் பெரும்பாலும் பொத்தான் அழுத்திப் பதிவாகின்றன. தெருமுனையிலேயே அழுத்துவோர் உண்டு, இறங்கி ஓடும் அவசரத்தில் மறந்து பின்னர் அழுத்துவோரும் உண்டு. ஜிபிஎஸ் தடத்தில் வேகம் பூச்சியமாகி அந்த முகவரியிலேயே நிற்கும் நேரத்தை ரி4உடன் ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ் இடைவெளி விட்டுத்தான் பதிவாகும். அந்த இடைவெளியே உங்கள் பிழை எல்லை.

படி 4: ஒலிப்பதிவைக் கேட்டல்

எழுத்துப்படியை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். எழுத்துப்படி சொல்வதையே காது கேட்கும். முதல் தடவை நிறுத்தாமல் முழுவதும் கேளுங்கள். இரண்டாம் தடவை ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நேரம் குறியுங்கள். மூன்றாம் தடவை பின்னணியை மட்டும் கேளுங்கள்: மூச்சுத் திணறும் சத்தம், வீட்டில் வேறொருவர் சொல்லும் விபரம், அழைப்பு மணி. காதை முழுவதும் மூடும் கம்பி ஹெட்ஃபோனும் அடாசிட்டி என்ற ஒலி மென்பொருளும் போதும். மூலக் கோப்பின் ஹாஷ் எண்ணை (கோப்பு மாறினால் தானும் மாறிக் காட்டிக்கொடுக்கும் எண்ணை) முதலில் குறித்துவிட்டுப் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அழைத்தவர் தமிழிலோ வேறு மொழியிலோ பேசியிருந்தால், மொழிபெயர்ப்பாளர் இணைந்த நேரத்தைத் தனி வரியாகப் பதியுங்கள். அன்று மொழிபெயர்த்தவரைத் தவிர்த்து வேறொரு தகுதியுள்ளவரைக் கொண்டு ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்கச் செய்யுங்கள்.

ரி0இலிருந்து ரி2 வரையான இடைவெளி நீண்டிருந்தால், அழைப்பை எடுத்தவரிடம் உடனே பாயாதீர்கள். அந்த நிமிடத்தில் எத்தனை வாகனங்கள் ஒழிவாக இருந்தன, எத்தனை வைத்தியசாலை வாசலில் நோயாளரை ஒப்படைக்கக் காத்து நின்றன என்று அனுப்புதல் கணினியிலிருந்து எடுங்கள். அனுப்ப வாகனமே இல்லாதபோது நடந்த தாமதத்தைத் தனிமனிதரின் தவறாக எழுதுவது அநியாயம்.

படி 5: நேர்காணல்

வரிசை: குடும்பம், பிற சாட்சிகள், அழைப்பை எடுத்தவர், அனுப்பியவர், கடைசியாகக் குழு. குழுவினரைத் தனித்தனியே சந்தியுங்கள். தொழிற்சங்கப் பிரதிநிதி கூட இருக்க இடம் கொடுங்கள். முதலில் அவர்களே இடையூறின்றிச் சொல்லட்டும். பிறகு நோயாளர் அறிக்கையை வாசிக்கக் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் காலவரிசையோடு பொருந்தாத இடங்களைக் கேளுங்கள். "எத்தனை நிமிடம்?" என்று கேட்க வேண்டாம், பதற்றத்தில் யாருக்கும் நிமிடம் தெரியாது. "அதற்கு அடுத்ததாக என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். வரிசை நினைவில் நிற்கும்.

நோயாளரின் நிலையைப் பற்றி முதலில் ஒட்டிக்கொண்ட எண்ணம் எப்படிப் பரவியது என்பதைக் கட்டாயம் தேடுங்கள். 2017 டிசம்பரில் ஹாமில்டனில் சுடப்பட்ட 19 வயது இளைஞரின் காயம் சாதாரண பெல்லட் துப்பாக்கிக் காயம் என்ற எண்ணம் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் இறந்தார். இரண்டு பராமெடிக்குகள் 2021இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். இப்படியான கோப்பில் "யார் முதலில் அப்படிச் சொன்னார், யார் அதைச் சோதிக்காமல் ஏற்றார்" என்பதற்கு ஒலிப்பதிவின் வினாடியோடு பதில் இருக்க வேண்டும்.

வாசகர்கள் கேட்டதால் பின்னர் சேர்த்தவை

நேரமாற்றம்: நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 1 மணியிலிருந்து 2 மணி வரை இரண்டு தடவை வரும். அந்த மணித்தியாலத்தில் நடந்த சம்பவமானால் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றியே எழுதுங்கள். மொனிற்றர்கள் சில மாற்றத்துக்குப் பிறகும் பழைய நேரத்திலேயே ஓடும்; வித்தியாசம் ஏறக்குறைய 60 நிமிடமாக வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மாடிக் கட்டடங்கள்: ரி4க்குப் பின் போகும் நேரம் சிறிய விடயமல்ல. ரொறன்ரோ, பீல் பகுதிகளின் இதயநிறுத்த நோயாளர்களைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வில், மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 வீதமானோர் உயிர்தப்பினர். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் 2.6 வீதம். 25ஆம் மாடிக்கு மேல் ஒருவரும் தப்பவில்லை. ஆகவே கட்டட முகாமையாளரிடம் வாசல் கமெராப் பதிவையும் மின்தூக்கிப் பதிவையும் படி 1இலேயே கேளுங்கள். கமெராவின் கடிகாரமும் பிழையாகத்தான் இருக்கும். படி 3 அதற்கும் பொருந்தும்.

குடும்பங்களுக்கு: நோயாளர் அறிக்கையைத் தனிப்பட்ட சுகாதாரத் தகவல் சட்டத்தின் கீழ் நீங்களே எழுத்தில் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நோயாளர் இறந்திருந்தால் சொத்தை நிர்வகிப்பவரின் கையொப்பம் தேவை. அதே கடிதத்தில், ஒலிப்பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.