வீட்டு ஆண்களுக்குச் சட்டை: உடம்பைப் பார்த்து வெட்டுங்கள்

சட்டை தைக்கப் பழகுகிறவர்கள் பலரும் சின்னப் பையன் சட்டையில் தொடங்குகிறார்கள். துணி கொஞ்சம்தானே ஆகும் என்ற எண்ணம். நான் வேண்டாம் என்பேன். சின்னக் காலரையும் சின்னக் கைக்குழியையும் மிஷினில் வைத்துத் திருப்புவது பழகிய கைக்கே சிரமம். வீட்டுப் பெரியவர் வேட்டிக்கு மேல் போடும் வெள்ளை அரைக்கைச் சட்டைதான் முதல் சட்டைக்கு ஏற்றது. கப் (மணிக்கட்டில் வரும் பட்டி) கிடையாது, அடி விளிம்பு நேராக முடியும், உடம்பை ஒட்டாமல் தாராளமாக நிற்கும். எங்கள் பெருந்துறைப் பக்கம் அப்படிச் சட்டை போடும் ஒருவராவது இல்லாத வீடு அபூர்வம்.

துணிக்கு ஈரோடு போதும். ஜவுளிச் சந்தை திங்கள் இரவே தொடங்கி செவ்வாய்க்கிழமை நடக்கிறது. சந்தை இல்லாத நாளிலும் கட்பீஸ் கடைகள் இருக்கின்றன. முதல் சட்டைக்குக் காட்டன் பாப்ளின் வாங்குங்கள். வழுக்காது, மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும். திருப்பூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பனியன் துணியில் இதைத் தொடங்காதீர்கள், அது இழுபடும் துணி, அதற்கு வேறு கைப்பழக்கம் வேண்டும். 58 இன்ச் அகலத் துணி என்றால் நடுத்தர உடம்புக்கு முழுக்கைச் சட்டைக்கே 1.60 மீட்டர் போதும். ஆள் பெரியவர் என்றால் 2 மீட்டர். 36 இன்ச் அகலம் என்றால் 2.25 முதல் 2.50 மீட்டர் வரை கேளுங்கள். வாங்கி வந்த துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, தேய்த்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். காட்டன் முதல் துவைப்பில் சுருங்கும். கதர் இன்னும் அதிகமாகச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் முதலில் கழுத்துத்தான் இறுக்கும்.

அளவெடுக்கப் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு ஆண்கள் போய்விடுவார்கள். அளவுச் சட்டை வேண்டியதுதான். நீளம், சோல்டர், கை நீளம், கைக்குழி எல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் ஆளையும் ஒருமுறை நிற்க வைத்து முன்னால், பின்னால், பக்கவாட்டில் பாருங்கள். ரெடிமேட் சட்டை 40, 42 என்று எண்ணைத்தான் பார்க்கிறது. நாம் வீட்டில் தைப்பதன் முழுப் பலனும் ஆளைப் பார்ப்பதில் இருக்கிறது.

என் மாமனாருக்கு முதுகு கூன். அப்படிப்பட்ட உடம்புக்குச் சாதாரண அளவில் வெட்டினால் பின்னால் சட்டை மேலே ஏறும், காலர் பிடரியை விட்டு விலகி நிற்கும். பின்துண்டில், சோல்டர் பட்டி (தோளின் மேல் வரும் பட்டித்துண்டு) சேரும் இடத்துக்குக் கீழே, முக்கால் இன்ச் நீளம் கூட்டுங்கள். கூன் அதிகம் என்றால் ஒரு இன்ச். மூட்டை தூக்கிய தோள் ஒருபக்கம் இறங்கியிருந்தால், அந்தப் பக்கம் மட்டும் சோல்டர் நுனியைக் கால் இன்ச் இறக்கி, கைக்குழியையும் அதே அளவு இறக்குங்கள். தொப்பை உள்ளவருக்குப் பின்துண்டைத் தொடவே கூடாது. முன்துண்டில் மட்டும், மார்புக்குக் கீழே பக்கவாட்டில் அகலம் கொடுத்து, அடியில் முக்கால் இன்ச் நீளமும் சேர்க்க வேண்டும். பின்னாலும் அகலம் கூட்டினால் முதுகில் துணி தொங்கும். வளரும் பையனுக்கு அடி மடிப்பிலும் கை மடிப்பிலும் ஒன்றரை இன்ச் உள்ளே விட்டுவைத்தால் அடுத்த வருஷம் பிரித்து இறக்கலாம்.

இந்த அளவுகளைப் பிரவுன் பேப்பரில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். செய்தித்தாள் வேண்டாம், வெள்ளைத் துணியில் மை ஒட்டும். மார்பு 40 என்றால் நாலில் ஒரு பங்கு 10, தளர்வுக்கு ஒன்றரை, தையலுக்கு முக்கால், ஆக 12¼ இன்ச். பேண்ட்டுக்குள் விடும் சட்டைக்குத் தளர்வு ஒரு இன்ச் போதும். முன்துண்டின் நடுக்கோட்டுக்கு வெளியே 2¾ இன்ச் துணி விடுங்கள். அரை இன்ச் ஒருமுறை, ஒன்றரை இன்ச் இன்னொருமுறை மடித்தால் பட்டன் பட்டியின் சரி மத்தியில் நடுக்கோடு வரும். எல்லாத் துண்டுக்கும் பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், மேலிருந்து கீழாக ஓட வேண்டும். நெசவுக்காரர் ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் துணியை மிச்சம் பிடிக்க முன்துண்டைச் சாய்த்து வெட்டுகிறவர்கள் உண்டு. அந்தச் சட்டை துவைக்கத் துவைக்க ஒருபக்கம் முறுக்கிக்கொள்ளும்.

பாப்ளினுக்கு 14 நம்பர் ஊசி, மெல்லிய துணிக்கு 11. எண்ணெய் விட்ட மிஷினை வேஸ்ட் துணியில் நன்றாக ஓட்டிய பிறகே வெள்ளையை வையுங்கள்.

தைக்கும் வரிசை இது. முதலில் முன்துண்டுகளில் பட்டன் பட்டியும் பாக்கெட்டும். அப்புறம் பின்துண்டில் இரட்டைச் சோல்டர் பட்டி, அதோடு முன்துண்டுகள், அதன் பிறகு காலர். கையை, பக்கவாட்டை மூடுவதற்கு முன்பே, துணி விரிந்து கிடக்கும்போதே பொருத்திவிட வேண்டும். கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட ஆழமாக இருக்கும், மாறிவிடாமல் வெட்டும்போதே ஒரு சின்ன வெட்டுக்குறி போடுங்கள். கடைசியாகக் கையின் அடியில் தொடங்கிப் பக்கவாட்டு ஓரம் வரை ஒரே ஓட்டம், பிறகு அடி மடிப்பு.

காலருக்கு மட்டும் அவசரமே கூடாது. மொத்தச் சட்டையையும் சாயங்காலத்துக்குள் முடிக்க முடியும் என்றாலும், காலரை மறுநாள் காலை வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி சூட்டில் ஒட்டும் கேன்வாஸைத் தையல் ஓரம் விடாமல், முடிந்த காலரின் அளவிலேயே வெட்டி, மேல் துணியின் உள்பக்கம் ஒட்டுங்கள். கேன்வாஸ் விளிம்பை ஒட்டினாற்போல், அதன்மேல் ஏறாமல், ஒரு நூல் தள்ளித் தையல் ஓட வேண்டும். அடியில் வரும் துணியை மேல் துணியைவிட ஒரு நூல் குறைவாக வெட்டினால் காலர் தானாகக் கீழ்நோக்கிப் படியும், நுனி மேலே சுருளாது.

நுனி கூராக வர ஒரு வழி இருக்கிறது. தைத்துக்கொண்டே மூலைக்கு வந்ததும் ஊசியைத் துணியில் நிறுத்தி, ஒரு நீள நூலை இரண்டு துணிக்கும் நடுவில், ஊசியைச் சுற்றி வரும்படி வையுங்கள். மூலையில் ஒரே ஒரு தையல் குறுக்காகப் போட்டுத் திரும்புங்கள். ஓரத்தை அரைக்கால் இன்ச்சாக நறுக்கி, காலரைப் புரட்டிவிட்டு, அந்த நூலின் இரண்டு முனையையும் சேர்த்து மெதுவாக இழுத்தால் மூலை முழுசாக வெளியே வரும். பிறகு நூலை உருவிவிடலாம். கத்தரி முனையால் குத்தித் தள்ளினால் பிசிறு கிளம்பி, கொஞ்ச நாளில் ஓட்டை விழும்.

காலர் ஸ்டாண்டின் (காலருக்கு அடியில் கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி) நீளத்தைப் பட்டன் பட்டி முதல் பட்டன் பட்டி வரை சட்டைக் கழுத்தை அளந்து முடிவு செய்யுங்கள். நடுவை நடுவோடு பின் குத்தி, அங்கிருந்து இரு பக்கமும் தைத்தால் இரண்டு முனையும் சமமாக வரும். ஆளின் கழுத்தை அளக்கும்போது டேப்புக்குள் இரண்டு விரல் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் உள்பாக்கெட் இல்லாமல் சட்டை முடியாது. “பணம் வெச்சா வெளிய தெரியக் கூடாது அம்மணி” என்பார் மாமனார். மஞ்சள் மண்டிக்கும் மாட்டுச் சந்தைக்கும் போகிறவர்களுக்கு அது தேவையான பாதுகாப்பு. வெளிப்பாக்கெட்டைவிடச் சுற்றிலும் கால் இன்ச் பெரிதாக, நான்கு ஓரமும் மடித்த துண்டு ஒன்றை இடது முன்துண்டின் உள்ளே வைத்து, வெளிப்பாக்கெட்டைத் தைக்கும் அதே மூன்று பக்கத் தையலில் பிடித்துவிடுங்கள். வெளியே கூடுதல் தையல் தெரியாது. வாய் மேல்பக்கம் திறந்திருக்கும், அங்கே ஒரு பிரஸ் பட்டன். இரண்டு மூலையிலும் தையலை முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டியாக்குங்கள், பணம் எடுக்கும் கை அங்கேதான் இழுக்கும்.

ஆண்கள் சட்டையில் காஜா (பட்டன் நுழையும் துளை) இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம். காலர் காஜா மட்டும் படுக்கை, மற்றதெல்லாம் நெட்டுக்குத்து, மூன்றரை இன்ச் இடைவெளி. கையால் காஜா எடுக்கப் பொறுமை இல்லையென்றால் டவுனில் காஜா போடும் கடையில் கொடுத்துவிடலாம், அதில் ஒன்றும் குறைவில்லை. தொப்பை உள்ளவருக்கு இடைவெளியைச் சமமாகப் பிரிப்பதற்கு முன் வயிறு முன்னே நிற்கும் இடத்தில் ஒரு பட்டனை முதலில் குறித்துவிட்டு, மற்றதை அதிலிருந்து மேலும் கீழும் அளந்துகொள்ளுங்கள்.

ஒரு முழு நாள் போட்டு வேலை செய்த பிறகு எங்கே பிடிக்கிறது, எங்கே ஏறுகிறது என்று கேட்டு, அதை அந்தப் பிரவுன் பேப்பரிலேயே பேரோடும் தேதியோடும் எழுதிவையுங்கள். அடுத்த சட்டையை அந்தத் திருத்தத்தோடு வெட்டலாம்.