ஹைட்ராலிக் லிஃப்டர் வால்வு: பூஜ்யத்தைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

பழைய வண்டியில் ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் பாகம்) என்றால் ஃபீலர் கேஜைத் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தேடாதீர்கள், இங்கே இடைவெளி வைப்பதில்லை, லிஃப்டருக்குள் இருக்கும் பிளஞ்சரைக் (மேலும் கீழும் நகரும் சின்ன பிஸ்டன்) கொஞ்சம் அழுத்தி வைக்கிறோம், அவ்வளவுதான். ராக்கர் ஆர்மில் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) அட்ஜஸ்டிங் நட் உள்ள இன்ஜின்களுக்குத்தான் இது பொருந்தும்.

இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுழற்றி, எக்ஸாஸ்ட் வால்வு திறக்க ஆரம்பிக்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கைச் சரிசெய்யுங்கள். இன்டேக் முழுசாகத் திறந்து மூடப்போகும்போது எக்ஸாஸ்ட்டை. நட்டை மெதுவாக இறுக்கிக்கொண்டே புஷ்ராடை (லிஃப்டரையும் ராக்கர் ஆர்மையும் இணைக்கும் கம்பி) இரண்டு விரலால் லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நின்ற இடம்தான் பூஜ்யம். பலர் புஷ்ராடைச் சுழற்றிப் பார்த்து அது இறுகும்வரை போவார்கள். எண்ணெய் நிறையாத லிஃப்டரில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மென்மையானது, அதனால் பூஜ்யத்தைத் தாண்டிய பிறகும் புஷ்ராடு சுழலும்; நானும் இப்படி ஏமாந்து, வால்வு சரியாக மூடாமல் இன்ஜின் தடுமாற, மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

பூஜ்யத்திலிருந்து நட்டைப் பொதுவாக அரை முதல் ஒரு சுற்று இறுக்க வேண்டும். உங்கள் இன்ஜினுக்குச் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அப்புறம் உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள், லிஃப்டரில் மிச்சமிருக்கும் எண்ணெய் கசிந்து பிளஞ்சர் இறங்கக் கொஞ்ச நேரம் வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சிறிது நேரம் டிக்டிக் சத்தம் வரும், பதறி நட்டை இறுக்கிவிடாதீர்கள்.